சத்தியம் செய்த கால் கடைக்குப் போவது ஏன்?

சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி, பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஊர். அந்த வட்டாரத்தில் சனிக்கிழமை கூலி நாள். குடிப்பழக்கம் உள்ளவர் வீடு எதிலும் அன்று காலை இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"இன்னைக்காவது கூலியை முழுசா வீட்டுக்குக் கொண்டாருவீங்களா?"

"பிள்ளை மேல சத்தியம். கடைப் பக்கமே போக மாட்டேன்."

சாயங்காலம் கூலி கைக்கு வருகிறது. வழியில் மதுக்கடைப் பலகை கண்ணில் படுகிறது. அவ்வளவுதான்! கால் தானாகத் திரும்புகிறது. இரவு வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பொய்ச் சத்தியமா?

இல்லை. சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். காலைத் திருப்பியது மூளையில் ஊறும் டோபமின் என்ற ரசாயனம். மூளையில் அதன் வேலை என்ன என்பதை 1957-ல் எடுத்துக் காட்டியவர் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன். 2000-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பசித்தவனுக்குச் சோறு கிடைத்தால் டோபமின் ஊறும். "இது நல்லது, மறுபடியும் தேடு" என்று மூளைக்குச் சொல்லும். மதுவும் அபினும் அதை அளவு மீறி ஊற வைக்கின்றன.

குரங்கும் பழச்சாறும்

உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில், சாறு நாக்கில் பட்டபோது டோபமின் அணுக்கள் துடித்தன. பிறகு ஒரு விளக்கைக் காட்டிவிட்டுச் சாறு கொடுத்தார். சில நாளில் அதிசயம் நடந்தது. விளக்கைக் கண்டதுமே அணுக்கள் துடித்தன! சாறு வந்தபோது பேசாமல் இருந்தன.

கடைப் பலகைதான் அந்த விளக்கு. கூலி நோட்டும் அந்த விளக்குதான். சரவெடியின் திரியில் தீ வைத்தாயிற்று. வெடிக்கும் இடம் மட்டும்தான் கடை.

"வேண்டாம்" என்று தடுக்க வேண்டியது முன்மூளை. பல வருடக் குடியில் அதுவும் தளர்ந்துவிடுகிறது. டோபமினை வாங்கிக்கொள்ளும் இடங்கள் குறைந்து போவதை நோரா வோல்கோவ் என்ற பெண் டாக்டர் மூளைப் படங்களில் கண்டார். (ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி இவர்!) அதனால்தான் குழந்தையின் சிரிப்புகூடக் குடிகாரருக்குச் சப்பென்று இருக்கிறது.

மீள முடியுமா?

முடியும். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் பங்கு உண்டு. கிராமங்களில் முகாமும் போட்டார்கள்.

வீட்டிலும் வழி உண்டு. கூலியைச் சம்சாரம் வாங்கிக்கொள்ளலாம். கடை இல்லாத தெரு வழியாக வீடு வரலாம். விளக்கு கண்ணில் படாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. தினமும் மிதமிஞ்சிக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும். வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்து. கருமருந்து தொடும் தொழிலாளிக்குக் கை நடுக்கம் ஒன்றே போதும்! ஆகவே முதல் சில நாட்கள் டாக்டரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சிவகாசியிலும் விருதுநகரிலும் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.