'லீவு': ஒரு சொல்லின் இரு வேர்கள்

எல்ல, தெமோதரை, பதுளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலே எழுத்தறியாதவரும் அறிந்த ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'லீவு'. அது துரையிடம் கேட்டுப் பெறுவது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் 'லீவ்' என்னும் வினைச்சொல்லுக்கோ விட்டகலுதல் என்பது பொருள். அதன் இறந்தகாலம் 'லெஃப்ட்'. ஒலியால் ஒன்றான இவ்விரண்டும் பிறப்பால் வேறானவை.

பெயர்ச்சொல்லாகிய 'லீவ்' பழைய ஆங்கிலத்தில் அனுமதியைக் குறித்தது. அன்பைக் குறிக்கும் 'லவ்', நம்புதலைக் குறிக்கும் 'பிலீவ்', வடமொழி 'லோபம்' ஆகியன அதன் இனம். விருப்பமே இசைவாயிற்று.

வினைச்சொல்லின் வேர் வேறு. ஒட்டுதல் என்னும் தொன்மைப் பொருளிலிருந்து எஞ்சுதல் என்னும் பொருள் தோன்றியது; வடமொழி 'லேபனம்', வாழ்தலைக் குறிக்கும் ஆங்கில 'லிவ்' ஆகியனவும் அவ்வேரினவே. ஆகவே 'லீவ்' முதலில் எஞ்சியிருக்கச் செய்தலையே உணர்த்தியது. பின்னே ஒன்றை எஞ்சவிடுபவன் தான் அகல்கிறான் அன்றோ? அவ்வாறே அகலுதற் பொருள் பிறந்தது. 'கீப்' என்பது 'கெப்ட்' ஆவதுபோல, மெய்யெழுத்துக்கள் நெருங்கியமையால் நெடில் குறுகி 'லெஃப்ட்' ஆயிற்று.

தமிழிலோ 'விடு' என்னும் ஒரு சொல்லே இரு வேலைகளையும் செய்கிறது. போகவிடுதல் அனுமதி, ஊரை விடுதல் அகலுதல். விடைபெறுதலில் இரண்டும் அடங்கும்.

தோட்ட வாழ்விலும் இவை பிணைந்தே கிடந்தன. கடனைத் தீர்த்தால் இத்தொழிலாளி விடுவிக்கப்படுவார் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட சீட்டு 'துண்டு' எனப்பட்டது. அஃதின்றி ஒருவர் தோட்டம் மாறுதல் அரிது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ வேறுவகைப் பிரிவைக் கொணர்ந்தது. 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்வதென 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். வண்டியில் இருந்தவரும் அழுதனர். மேடையில் நின்றவரும் அழுதனர்.

போனவரையும் எஞ்சியவரையும் தமிழ் வெவ்வேறு சொற்களால் குறிக்கும். ஆங்கிலமோ இருவருக்கும் 'லெஃப்ட்' என்ற ஒரு சொல்லையே வழங்கும்.