முதுகில் எழுதிய பெயர்

டெட் க்ளூசெவ்ஸ்கி மலை மாதிரி ஆள். தோள் அடங்கவில்லை என்று சட்டைக் கையையே வெட்டிவிட்டு ஆடிய பேஸ்பால் வீரர். 1960இல் அவருடைய அணியான சிகாகோ ஒயிட் சாக்ஸ், வீரர்களின் பெயரைச் சட்டையின் முதுகில் தைத்தது. அமெரிக்கப் பெரிய லீக்கில் அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை. க்ளூசெவ்ஸ்கி ஒரு நாள் களமிறங்கியபோது, பெயரிலிருந்த ‘இசட்’ இடவலமாய்த் திரும்பியிருந்தது. இரண்டாவது ‘கே’ இருக்கவேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ உட்கார்ந்திருந்தது. வழக்கம் பிறந்த ஆண்டிலேயே எழுத்துப்பிழையும் கூடப் பிறந்துவிட்டது.

யோசனை அணியின் உரிமையாளர் பில் வீக்குடையது. கூட்டம் சேர்க்க எதையும் செய்வார் மனிதர். ஹோம் ரன் அடித்தால் வாணவேடிக்கை விடும் ஸ்கோர்போர்டையும் அதே ஆண்டு வைத்தார். ஆனால் பெயரை எழுதும்போது அவர் மனத்தில் இருந்தவர், வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த ரசிகர். மைதானத்துக்கு வந்தவருக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் தெரியவே தெரியாது. காரணம் நம் கண்ணில் இருக்கிறது.

கண் மருத்துவர் அறையில் எழுத்துப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து ‘6/6’ வரியைப் படித்துவிட்டால் பார்வை சரி என்பார். அந்த வரியின் எழுத்து சுமார் 9 மில்லிமீட்டர் உயரம். கண்ணுக்கு அது ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு கோணமாகத் தெரிகிறது. ‘6/6’ கண் அதைவிடச் சிறிய எழுத்தைப் படிக்கத் திணறும். ஆக, எழுத்தின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 690 மடங்கு தூரம்வரைதான் அதைப் படிக்கலாம்.

இதை ஐரோப்பியக் கால்பந்துச் சட்டையில் போட்டுப் பாருங்கள். முதுகிலுள்ள எண் 25 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 170 மீட்டர்வரை தெரியும். பெயரின் எழுத்து 7.5 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. 50 மீட்டரைக் கடந்தால் கலங்கிவிடும். மைதானத்தின் நீளமோ 105 மீட்டர். அதுவும் ஆள் ஆடாமல் அசையாமல் முதுகைக் காட்டி நின்றால் நடக்கும் கணக்கு. ஓடுகிற உடம்பில், மடிந்த துணியில், வளைவாகத் தைத்த எழுத்துக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது.

முதுகில் பெயர் வராத காலத்தில், எண்ணைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ள, மைதான வாசலில் விற்கும் அட்டவணைப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அந்த வியாபாரம் போய்விடுமே என்று கவலைப்பட்டவர் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் உரிமையாளர் ஹாரால்ட் பாலார்ட். 1977-78 பருவத்தில் லீக் பெயர் கட்டாயம் என்றது. இவர் முரண்டு பிடித்தார். அபராதம் என்று மிரட்டியதும், 1978 பிப்ரவரியில் சிகாகோவில் ஆடிய ஆட்டத்துக்குப் பெயரைத் தைத்தே அனுப்பினார்: நீலச் சட்டையில், அதே நீலத்தில்! சட்டத்தை மீறவில்லை, பெயரும் தெரியவில்லை. குறும்புதான், ஆனாலும் பார்வை அறிவியலில் இதைவிட நல்ல செய்முறைப் பாடம் கிடைக்காது. கண் பிடித்துக்கொள்வது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை. அது போய்விட்டால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

பிறகு தொலைக்காட்சி போன இடமெல்லாம் பெயரும் போயிற்று. 1992இல் வண்ண உடையோடு உலகக் கோப்பை கிரிக்கெட்டுக்கும், அதே ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பைக்கும் வந்தது. டெஸ்ட் கிரிக்கெட்தான் 142 ஆண்டுகள் பிடிவாதமாக வெறும் வெள்ளையில் நின்றது; 2019 ஆகஸ்ட் 1 அன்று எட்ஜ்பாஸ்டனில் ஆஷஸ் தொடங்கியபோது அதுவும் மனம் மாறியது.

மேற்கில் முதுகில் ஏறுவது குடும்பப் பெயர். நமக்கு அது ஏது? கிரிக்கெட் வீரர் ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு முதல் பாதி அப்பா பெயர் என்பதால், அவருடைய 99ஆம் எண்ணுக்கு மேல் ‘அஸ்வின்’ என்று மட்டுமே இருந்தது. 2016 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் நியூசிலாந்தை எதிர்த்த ஆட்டத்தில், ஒரு தொலைக்காட்சிப் பிரசாரத்துக்காக இந்திய வீரர்கள் அம்மாவின் பெயரோடு இறங்கினார்கள். தோனியின் முதுகில் ‘தேவ்கி’, கோலியின் முதுகில் ‘சரோஜ்’. என்னைக் கேட்டால், முதுகில் ஏறிய பெயர்களிலேயே அழகானவை அவைதாம்.

நியூயார்க் யாங்கீஸ் மட்டும் இன்னும் அசையவில்லை. 1929இல் அடிக்க இறங்கும் வரிசைப்படி எண் கொடுத்த அணி அது. மூன்றாவதாக இறங்கிய பேப் ரூத்துக்கு 3, அடுத்து வந்த லூ கெரிக்குக்கு 4. அவர்களுடைய வழக்கமான சட்டையில் இன்றும் எண் மட்டும்தான்.

அடுத்த முறை சேப்பாக்கம் போனால் நீங்களே சோதித்துப் பாருங்கள். எல்லைக் கோட்டில் நிற்கிற ஃபீல்டரின் பெயரைப் படித்துவிடுவீர்கள். நடுவில் மட்டை பிடித்திருப்பவர் யாரென்று தெரிய, தலையைத் தூக்கிப் பெரிய திரையைத்தான் பார்க்கவேண்டியிருக்கும்.