காதில் அமர்வதே கருவி

ஒலி என்பது காற்றில் எழும் அழுத்த மாறுபாடு. அம்மாறுபாட்டைச் செவிப்பறைக்கு மிக அருகில் நின்று உண்டாக்குவது காதொலிப்பான். மெல்லிய படலம், அதன் முதுகில் ஒட்டிய கம்பிச்சுருள், சுருளை அடுத்த நிலைக்காந்தம் ஆகிய மூன்றும் அதன் உயிருறுப்புகள். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்ட நியோடிமியக் காந்தம் சிற்றுருவில் பேராற்றல் கொண்டது. அது பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின், தரமான ஒலியுறுப்பைச் செய்யப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆகவே ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்கும் கம்பியில்லாக் காதொலிப்பான்களை ஆராய்வோர், அவை காதில் அமரும் விதத்தையும் வியர்வையைத் தாங்கும் விதத்தையும் முதலில் நோக்குதல் தகும்.

பெட்டியின்மேல் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது மனிதச் செவியின் எல்லை. அவ்வெல்லைக்குள் எந்த அதிர்வெண் எவ்வளவு கூடியோ குறைந்தோ ஒலிக்கிறது என்பதைச் சொல்லாதவரை, அந்த எண்ணால் பயனில்லை. படலத்தின் விட்டம் பத்து மில்லிமீட்டர் என்பதும் அத்தகையதே. ஆறு மில்லிமீட்டர்ப் படலமும் நன்கு செய்யப்பட்டால் இனிதே ஒலிக்கும்.

செவிக்குழல் ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளமுடையது. அதன் உட்புறத்தைச் செவிப்பறை மூடியுள்ளது. சிலிக்கோன் முனை வாயிலை இறுக அடைத்தால், உள்ளே சிறைப்படும் காற்று ஒன்றிரண்டு கன சென்டிமீட்டருக்கு மேல் இராது. அத்தனை சிறிய காற்றைத் தள்ளச் சிறு படலமே போதும். ஆனால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த சுரங்கள் கெடும். அவற்றின் அதிர்வு மெதுவானது. அழுத்தம் திரள்வதற்குள் காற்று இடைவெளி வழியே கசிந்துவிடும். உயர்ந்த சுரங்களின் அதிர்வோ விரைவானது. கசிவதற்கு அங்கே நேரமில்லை. ‘இதில் பேஸ் இல்லை’ என்று பலர் ஒதுக்கும் கருவியில் பெரும்பாலும் குறைபடுவது முனையின் அளவே.

இதைச் சோதிப்பது எளிது. மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றை ஒலிக்கவிட்டு, இடந்தலையின் கும்காரத்தைக் கவனியுங்கள். காதொலிப்பானை விரல் நுனியால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். கும்காரம் சட்டென்று பருத்தால், முனை உங்கள் செவிக்குச் சிறியது. பிறகு வாயை அகலத் திறந்து மூடுங்கள், எதையேனும் மெல்லுங்கள். தாடை அசையும்போது செவிக்குழலின் வடிவமும் மாறும். அப்போது தளர்கிற கருவி ஓடும்போது விழும். இடச்செவிக்கும் வலச்செவிக்கும் வெவ்வேறு அளவு முனை பொருந்துவது இயல்பே.

இறுகிய அடைப்புக்கும் ஒரு விலை உண்டு. ஓடுகையில் ஒவ்வோர் அடியின் அதிர்வும் எலும்பு வழியே செவிக்குழலை எட்டுகிறது. வாயில் திறந்திருந்தால் அது வெளியேறும். அடைபட்டிருந்தால் ‘தொம் தொம்’ என உள்ளேயே முழங்கும். சாலையின் ஊர்தியொலியும் மறைந்துவிடும். எனவே தெருவில் ஓடுவோர்க்குச் செவியைத் திறந்துவிடும் வகையோ, கன்ன எலும்பின்மேல் அமரும் எலும்புவழிக் கடத்தல் வகையோ ஏற்றது. தாழ்சுரம் குறையும் என்பதை அறிந்தே அவற்றைக் கொள்ள வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு அடைப்பு வகையே சிறந்தது.

அடுத்தது வியர்வை. ஐஇசி 60529 என்னும் பன்னாட்டு நெறிப்படி, ஐபிஎக்ஸ்4 என்னும் நீர்காப்புத் தரம் எத்திசைத் தெறிப்பையும் தாங்குவது. ஐபிஎக்ஸ்5 நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சும் நீரைத் தாங்குவது. ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியும் பிழைப்பது. ஏழு பெற்றது ஐந்தையும் பெற்றதாகப் பொருளில்லை. அவை தனித்தனிச் சோதனைகள். மேலும் இவையனைத்தும் நன்னீரில் நடப்பவை. வியர்வையிலோ உப்புண்டு, உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான காதொலிப்பானை மின்னேற்றப் பெட்டியில் வைத்தால் தொடுமுனைகளிடையே மின்னாற்பகுப்பு நிகழ்ந்து உலோகம் அரிக்கப்படும். காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை எளிதில் உலராத சென்னை போன்ற கடலோர ஊர்களில், துடைத்து உலர்த்தியபின் பெட்டியில் வைக்கும் வழக்கம் எந்தத் தரச்சான்றையும்விடக் கருவியைக் காக்கும்.

வியர்வைக்கு அடுத்தது தொடர்பு. புளூடூத் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்குபவை. 79 தடங்கள் வரை, நொடிக்கு 1600 முறை தாவித் தாவிச் செய்தி கடத்துவது புளூடூத்தின் பழைய நெறி. அந்த அலைகளை நம் உடலின் நீர் உறிஞ்சிவிடும். வீட்டுக்குள் சுவர்கள் அலையைத் திருப்பியனுப்பி உதவும். திறந்த திடலில் அவ்வுதவி இல்லை. அறையில் தடையின்றிப் பாடியது திடலில் விட்டுவிட்டுப் பாடுவதன் காரணம் இதுவே. கைப்பேசியை ஒருபுறச் சட்டைப்பையில் வைத்து வெட்டவெளியில் நடந்து பார்ப்பதே மெய்யான சோதனை.

இனி, ஒரே கருவி பயிற்சிக்கும் ஓய்வுக்கும் உதவுமா என்னும் வினா. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வு, ஒலியளவு குறையக் குறையத் தாழ்சுரங்கள் நம் செவிக்கு மற்றவற்றைவிட விரைவாக மங்குவதைக் காட்டியது. இரவில் மெல்லிய அளவில் கேட்போர்க்குத் தாழ்சுரம் சற்றுத் தூக்கலாக இருப்பது இனிமை. அதே தூக்கல், பயிற்சியில் ஒலியைக் கூட்டியதும் பாடகரின் குரலை மூடிவிடும். ஆகவே கைப்பேசிச் செயலியில் சுரங்களைக் கூட்டவும் குறைக்கவும் இடம்தரும் கருவி இருவகைப் பயனுக்கும் பொருந்தும்.

பயிற்சியில் இசை உதவும் என்பதில் ஐயமில்லை. இலண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தின் காஸ்டாஸ் கராகியோர்கிஸ் இத்துறையில் நெடுங்காலம் ஆய்ந்தவர். மிதமான உழைப்பில் இசை களைப்புணர்வைக் குறைப்பதையும், உழைப்பு உச்சத்தை எட்டுகையில் அப்பயன் தேய்வதையும் அவ்வாய்வுகள் காட்டுகின்றன. மூச்சு வாங்கும் வேளையில் ஒலியைக் கூட்டிப் பயனில்லை, கேடு உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் பெரியோர்க்கு வகுத்த எல்லை, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அக்காலம் பாதியாகும். 89 டெசிபெலில் 5 மணி நேரமே மிஞ்சும். நன்கு பொருந்திய முனை புற இரைச்சலைத் தடுத்து, குறைந்த ஒலியிலேயே நிறைவு தரும். பொருத்தம் இங்குச் செவிக்கே காப்பாகிறது.

மின்கலத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு காதிலும் தனியே அமரும் குமிழ்களில் அடங்கும் லித்தியம் அயனிக் கலம் மிகச் சிறியது, சில நூறு முறை மின்னேற்றியபின் அதன் கொள்ளளவு தேயும், பெரும்பாலும் மாற்றவும் இயலாது. கழுத்துப்பட்டை வகையில் கலம் பெரிது, குமிழ் தொலையும் அச்சமும் இல்லை.

இவ்வாறு நோக்கினால், மலிவான காதொலிப்பானை மதிப்பிடும் வரிசை தெளிவாகிறது: முதலில் பொருத்தம், அடுத்து வியர்வை தாங்கும் திறன், பின்னர் தொடர்பின் உறுதி, அதன்பின் சுரத் திருத்தம், கடைசியில் விளம்பர எண்கள். பெட்டியில் ஓர் எண்ணை மட்டும் படிக்க நேரமிருந்தால், உள்ளே எத்தனை அளவு முனைகள் வைத்திருக்கிறார்கள் என்பதைப் படியுங்கள்.