படப்புத்தகமும் பாலபாடமும்

எழுத்தறியாத தாம் குழந்தைக்கு எதனைக் கற்பிக்க இயலும் எனத் தயங்கும் அங்கத்தினர் பலர். அத்தயக்கம் தேவையற்றது என்பதற்கு ஒரு படப்புத்தகமே சான்று.

அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டது, பெரும்பசி கொண்ட ஒரு புழுவின் கதை. திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் எனத் தொடங்கி வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சுப் பழங்கள் வரை அப்புழு தின்கிறது. சனியன்று பலவற்றையும் தின்று வயிற்று வலியால் வருந்துகிறது. பின்னர்க் கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாக வெளிவருகிறது. தின்ற பழங்களில் மெய்யாகவே துளைகள் உண்டு. குழந்தையின் விரல் அவற்றில் நுழையும்.

இதனைக் கொண்டு எவரும் வீட்டிலேயே பாடம் நடத்தலாம். புளியங்கொட்டைகளை எண்ணச் செய்யலாம். கிழமைகளைச் சொல்லச் செய்யலாம். கழிவு நூலைச் சுருட்டிப் புழு செய்யச் சொல்லலாம். ஒன்றை மட்டும் திருத்திக் கூறுதல் வேண்டும். வண்ணத்துப்பூச்சியினத்துப் புழுக்களில் பெரும்பாலானவை இழையால் கூடு கட்டுவதில்லை; பட்டுப்புழுவே அவ்வாறு கட்டி அந்துப்பூச்சியாகிறது. பட்டு நெய்வோரும் முசுக்கொட்டை பயிரிடுவோரும் இதனை எவரினும் நன்கு விளக்குவர்.

விளையாட்டென்று தொடங்கிக் குழந்தையைத் தார் சுற்ற அமர்த்துதல் ஆகாது. இப்பாடம் பள்ளிக்கு முந்தியதேயன்றி அதற்கு மாற்றன்று. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தையின் உரிமையாகும்.

விலை மிகுதியெனின், சங்கமே ஒரு பிரதி வாங்கி வீடுதோறும் சுற்றுக்கு விடலாம். நாள்தோறும் அரைமணி நேரம் தறியை விட்டெழுந்து குழந்தையருகே அமர்வீர்களாக. அதனால் கூலி சிறிது குறையினும், அது குழந்தைக்கு இட்ட முதலேயாகும்.