புலம்பெயர் உணவுத் தொழிலின் 'எங்கள் கதை': பாயிர மரபின் வழி ஒரு நோக்கு

பிரித்தானியாவில் ஈழத்தமிழர் நடத்தும் சிறு உணவுத் தொழில்களின் இணையத்தளங்களில் விலைப்பட்டியலுக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் இடம்பெறுவது 'எங்கள் கதை' என்னும் பக்கமாகும். மிளகாய்த்தூள், ஒடியல்மா, பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம் முதலானவற்றை வீட்டுச் சமையலறையிலோ வாடகைக்கு எடுத்த சிறு கூடத்திலோ செய்து விற்போர், தாம் யார், எங்கிருந்து வந்தோர், இத்தொழிலை ஏன் தொடங்கினர் என்பவற்றை இருநூறு முந்நூறு சொற்களில் அங்கே எழுதுகின்றனர். விளம்பரம் என்று கருதி ஆய்வுலகம் இவ்வெழுத்தை ஒதுக்கியே வந்துள்ளது. எனினும், இடப்பெயர்வுகளில் வீட்டு ஆவணங்களை இழந்த ஒரு சமூகத்தின் உணவு வரலாற்றுக்கு, உரியவரே எழுதிவைத்த சான்றுகள் மிகச் சிலவே. அவற்றுள் இப்பக்கமும் ஒன்று. ஆதலின் அது எவ்வாறு எழுதப்படுகிறது என்பது வணிகர் கவலை மட்டுமன்று.

எழுத முற்படுவோர்க்குக் கிடைக்கும் வழிகாட்டல்கள் வணிக எழுத்துப் பயிற்சியிலிருந்து வருவன. ஒரு நாயகர், ஓர் இடர், ஒரு திருப்பம், முடிவில் வெற்றி என்பது அவற்றின் வாய்பாடு. இவ்வச்சில் வார்க்கப்படும்போது யாழ்ப்பாணத்துப் பாட்டியும் இத்தாலியப் பாட்டியும் ஒருவராகிவிடுகின்றனர். இருவரும் விடியலில் எழுகின்றனர். இருவரும் அன்பையே முதன்மைச் சேர்பொருளாகக் கொள்கின்றனர். இருவருடைய பெயரும் நமக்குத் தெரிவதில்லை.

ஓர் ஆக்கத்தை அயலார்க்கு அறிமுகம் செய்யும் எழுத்துக்குத் தமிழில் முன்னரே இலக்கணம் உண்டு. பவணந்தியாரின் நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக எட்டுச் செய்திகளை வகுக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர் என்று அந்நூலே குறிக்கிறது. நூலுக்குச் சொன்னதை மிளகாய்த்தூளுக்குப் பொருத்துவது மிகையாகத் தோன்றலாம். ஆயினும் இப்பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் சரிபார்க்கத்தக்க செய்தி என்பதை நோக்க வேண்டும். உணர்ச்சிக்கு அதில் தனியிடம் ஒதுக்கப்படவில்லை.

இன்னொரு விதியும் இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. சிறப்புப்பாயிரம் செய்தற்குரியோர் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரே. தன்னைத் தானே புகழ்தல் எத்துணை வல்லார்க்கும் தகாது. ஆனால் நான்கு இடங்களில் அது விலக்கப்படவில்லை: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை உணராதார் இடையே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, மாற்றான் தன்னைப் பழித்தபோது. 'எங்கள் கதை' தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் பாயிரம். அதற்குரிய இசைவு இரண்டாம் இடத்திலிருந்து பிறக்கிறது. லீட்ஸ் நகரில் இருந்து முதன்முறையாகத் தளத்தைத் திறக்கும் ஒருவர் விற்பவரின் ஆற்றலை உணராதவரே. அவருக்கு உணர்த்தும் அளவே இசைவின் எல்லையுமாகும்.

ஆக்கியோன் பெயரிலேயே முதற்சிக்கல் எழுகிறது. நூலுக்குப் பெயரிடும் முறைகளைக் கூறுமிடத்து நன்னூல் 'கருத்தன்' என்பானையும் 'செய்வித்தோன்' என்பானையும் வேறு பிரிக்கிறது. முன்னவன் இயற்றியவன், பின்னவன் இயற்றுவித்தவன். உணவுத் தொழில்களில் இவ்வேறுபாடு பெரிதும் மங்கிப்போகிறது. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஹரோவில் வாழும் மகன் நிறுவனத்தைப் பதிவுசெய்கிறான். தாய் செத்தல் மிளகாயையும் மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் வறுக்கிறாள். மருமகள் அரைத்துப் பொதிசெய்து முகவரி ஒட்டுகிறாள். பக்கத்தில் 'நிறுவனர்' என மகனின் பெயரும் படமும் வருகின்றன. தாய் 'அம்மாவின் கைப்பக்குவம்' என்னும் தொடராக மாறுகிறாள். மருமகள் இல்லவே இல்லை. இங்கு ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் கருத்தன் இருக்க வேண்டிய இடத்தில் செய்வித்தோன் அமர்ந்திருக்கிறான். 'கைப்பக்குவம்' என்னும் அழகிய சொல்லே இதற்குத் துணைபோகிறது என்பதைக் கூறியாக வேண்டும். எத்தனை நிமிடம் எந்தச் சூட்டில் வறுப்பது, வெந்தயத்தை எப்போது இறக்குவது என்னும் தொழில்நுட்ப அறிவை அது பிறவிக்குணமாகவும் தாய்மையின் இயல்பாகவும் காட்டிவிடுகிறது. அறிவுக்கு உரிமையாளர் உண்டு, இயல்புக்கு இல்லை. பிற்காலத்தில் நிறுவனம் விற்கப்படும்போதோ குடும்பம் பிரியும்போதோ இவ்வேறுபாடு பணமதிப்பாக வெளிப்படும்.

வழி என்பது அடுத்தது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுப்பது மரபு. முன்னோர் முடிபை ஏற்று, பின்னோர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளையும் கூறி மரபு கெடாது செய்வது வழிநூல். தாயிடம் கற்ற தூளை வெளியூர்ச் செத்தல் மிளகாயைக் கொண்டும் மின் அரைவையைக் கொண்டும் செய்பவரின் ஆக்கம் இவ்வகையினது. அதைப் பலரும் 'மாறாத அசல்' என்கின்றனர். பிரித்தானிய உணவுத் தர முகமை வெளியிட்ட 2008ஆம் ஆண்டு வழிகாட்டலும் இத்தகைய சொற்களுக்கு வரையறை தந்துள்ளது. 'மரபுவழியானது' எனின் அச்செய்முறை குறிப்பிடத்தக்க காலம் நிலவியதாகக் காட்ட இயல வேண்டும். 'அசல்' எனின் காலப்போக்கில் சாரமாக மாறாதிருக்க வேண்டும். 'வீட்டில் செய்தது' எனின் வீட்டுச் சமையலறையில் செய்யப்பட்டிருக்க வேண்டும். தொழில் வளர்ந்து கூடத்துக்கு மாறிய பின்னும் பழைய சொல்லே பக்கத்தில் நின்றுவிடுவது எளிதில் நேரும் பிழை. வழிநூல் என்று ஒப்புக்கொள்வதில் தமிழ் மரபு எந்தக் குறையையும் கண்டதில்லை, நன்னூலே வழிநூல்தான்.

காலத்தைப் பொறுத்தவரை ஒரு தொழிலுக்கு மூன்று தொடக்கங்கள் உள. முதலில் சமைத்த நாள், முதலில் விற்ற நாள், பதிவுசெய்த நாள் என்பன அவை. கம்பனிப் பதிவு நாளை எவரும் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். பக்கத்தில் அதைவிட இருபது ஆண்டு முந்திய ஆண்டு காணப்படின், அது எந்தத் தொடக்கம் என்பது சொல்லப்பட வேண்டும். இதில் சட்டச் சிக்கலும் ஒன்று மறைந்துள்ளது. உணவுத் தொழில் தொடங்குவோர் 28 நாள்களுக்கு முன்னரே உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. கோயில் விழாவுக்கு எப்போதேனும் செய்து கொடுப்பது வேறு, தொடர்ந்து விற்பது வேறு. 'பதிவுசெய்வதற்கு முன் பத்தாண்டுகள் அயலார்க்கு வாரந்தோறும் விற்றோம்' என்று பெருமையுடன் எழுதுபவர், தம்மையறியாமல் ஒரு வாக்குமூலத்தை எழுதுகிறார்.

களம் என்பது இவற்றுள் மிக நுண்ணியது. ஆங்கிலப் பக்கத்தில் 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லே விளக்கம் வேண்டும் அயற்பெயர். தமிழ் வாசகர்க்கோ அது போதாது. அவர் கேட்பது 'எந்த ஊர்?' என்பதே. பருத்தித்துறை வடை ஊர்ப்பெயராலேயே அறியப்படுவதால், பருத்தித்துறையோடு தொடர்புடையார் அதைக் கூறுவது பொருளோடு நேரே பொருந்தும். ஆனால் ஊருக்குப் பின் குறிச்சி கேட்கப்படுவதும், குறிச்சியைக் கேட்பதன் உட்கிடை சாதி என்பதும் ஈழத்தமிழர் யாவரும் அறிந்ததே. யார் சமைத்ததை யார் உண்பர் என்பதில் சாதி நெடுங்காலம் தலையிட்ட சமூகத்தில், ஊரைச் சொல்லாது 'யாழ்ப்பாணம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்வது ஒரு தற்காப்பாகவும் இருக்கலாம். இதனைத் தெளிவின்மை என்று குறைகூறும் ஆய்வாளர், அந்த மௌனத்தின் விலையையும் கணக்கிட வேண்டும். பாயிரம் உண்மையைக் கோருகிறது. அனைத்தையும் சொல்லுமாறு கோரவில்லை.

காரணம் என்னும் கூறில் போர் வருகிறது. 1983 ஜூலை வன்முறை, 1995 ஒக்ரோபர் இறுதியில் நிகழ்ந்த வலிகாமம் இடப்பெயர்வு, 2009 ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தொடாமல் பல குடும்பங்களின் தொழிற்காரணத்தைக் கூற இயலாது. புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளோர் பொதுவாக வேலை செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. அனுமதி கிடைத்த பின்னரும் ஊரில் பெற்ற கல்வித்தகுதி இங்கு எளிதில் செல்லுபடியாவதில்லை. சமையல் விற்பனைக்கு வந்ததற்கு அன்பைவிட இதுவே பலருக்கு நேரான காரணம். எழுதுவோர் இரு எல்லைகளுக்கு இழுபடுகின்றனர். ஒன்று, போரை முற்றாக விட்டு 'புதிய வாய்ப்புகளைத் தேடி வந்தோம்' என எழுதுவது. மற்றது, இழப்பையே விற்பனைக்கு முன்வைப்பது. இரண்டாவதில் உள்ள இடரை முள்ளிவாய்க்கால் கஞ்சி நன்கு காட்டும். ஒவ்வொரு மே மாதமும் நினைவுகூரலாக இலவசமாக வழங்கப்படும் அக்கஞ்சியை எவரேனும் பொதியாக்கி விலைகுறித்தால், சமூகம் அதை எவ்வாறு ஏற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டும் இடமும் குறித்த ஒரு வாக்கியம் இங்குப் போதும். அதற்கு மேற்பட்ட பெயரடைகள் பெரும்பாலும் வாங்குவோர் பொருட்டே சேர்க்கப்படுகின்றன.

பெயரும் வழியும் தம்முள் பிரிந்து நின்றதற்குப் பழைய எடுத்துக்காட்டு இலண்டனிலேயே உண்டு. 1926இல் ரீஜன்ட் வீதியில் தொடங்கப்பட்ட வீராசாமி உணவகத்தை நிறுவியவர் எட்வர்ட் பாமர். அதற்கு முன் 1896 முதலே வீராசாமி என்னும் பெயரில் அவர் இந்திய உணவுப்பொருள் வணிகம் நடத்தினார்; சமையல் நூலும் அப்பெயரிலேயே வெளிவந்தது. பெயர் தென்னாட்டுப் பெயர். ஆனால் அவரைப் பற்றி வழங்கும் கதை, ஆங்கிலேயத் தளபதி ஒருவரும் முகலாய அரசகுலப் பெண்ணும் வழங்கிய மரபைப் பேசுவது. அவ்விணையரின் பேரன் என்று சிலரும் கொள்ளுப்பேரன் என்று சிலரும் எழுதியுள்ளனர். தளபதி வில்லியம் பாமர் 1816இல் இறந்தவர் என்பதை நோக்கின் பின்னதே காலக்கணக்குக்கு இசைகிறது. ஒரு தலைமுறை வீழ்ந்தது எவருடைய சூழ்ச்சியாலும் அன்று. கதையைச் சுருக்குவோர் கையில் முதலில் உதிர்வது இடைத்தலைமுறையே. 'பாட்டியின் செய்முறை' என்னும் தொடரிலும், அதைப் பாட்டியிடம் கற்று மகளுக்குத் தந்த தாய் இவ்வாறே உதிர்ந்துபோகிறாள்.

சிறு சொற்களாலும் பெருங்கேடு விளையும். நியூயோர்க்கின் மாஸ்ட் சகோதரர்கள், கொக்கோ விதையிலிருந்தே தாம் சாக்லேட் செய்வதாகக் கூறி அறியப்பட்டவர்கள். 2015 டிசம்பரில், தொடக்க காலத்தில் பிறர் செய்த சாக்லேட்டை உருக்கியும் பயன்படுத்தினர் என்பது வெளிப்பட்டு, அவர்களும் அதை ஒப்புக்கொண்டனர். அப்போது அவர்கள் விற்றுக்கொண்டிருந்த பண்டத்தில் குறையிருப்பதாக அச்செய்தி கூறவில்லை. தொடக்கத்தைப் பற்றிய கூற்றே அவர்களுக்கு இடரானது.

நுதலிய பொருளைச் சட்டமே வரையறுத்துவிடுவதால் அதில் விரிவு வேண்டியதில்லை. பொதியிட்ட உணவில் சேர்பொருள்கள் குறிக்கப்பட வேண்டும்; ஒவ்வாமை தரும் 14 பொருள்கள் தனித்து விளங்குமாறு காட்டப்பட வேண்டும்; இணையவழி விற்பனையில் இவை வாங்குமுன்னரே தெரிய வேண்டும். கடுகும் எள்ளும் அப்பதினான்கில் அடங்குவன. கட்டிப்பெருங்காயத்தில் கோதுமைமா கலந்திருப்பதுண்டு. கோதுமையும் அவற்றுள் ஒன்று. எனவே 'பரம்பரை இரகசியக் கூட்டு' என்னும் தொடர், பெயர்களைப் பொறுத்தவரை பொருளற்றது. அளவையும் வறுக்கும் முறையையும் பொறுத்தவரை பொருளுடையது. அவ்வாறே எழுதலாம்.

முற்கூறிய கற்பனைக் குடும்பத்தின் பக்கம் பாயிர முறையில் ஏறத்தாழ இவ்வாறு அமையும்: தூளை வறுப்பவர் தாய், பெயருடன், அவர் அதைத் தம் மாமியாரிடம் 1970களில் சாவகச்சேரியில் கற்றார், அங்கு உரலில் இடித்ததை இங்கு மின் அரைவையில் அரைக்கின்றனர், 1995இல் ஊரைவிட்டு வந்தனர், தமிழ்ப் பள்ளி நண்பர்களுக்குச் செய்துகொடுத்தது 2012இல் பதிவுபெற்ற தொழிலாயிற்று, பொதிசெய்து அனுப்புபவர் மருமகள், பெயருடன், கணக்கைப் பார்ப்பவர் மகன். ஐந்தாறு வாக்கியங்களே ஆகும். 'அன்பு' என்னும் சொல் இதில் வரவில்லை. வரவேண்டிய தேவையும் எழவில்லை. பெயர் வெளியிட விரும்பாத தாயும் இருப்பர். அவ்விடத்து 'தாயார்' என்றே நிறுத்துவது அவருடைய முடிவாக இருத்தல் வேண்டும், மகனுடையதாக அன்று.

ஆய்வு நூலகங்களுக்கு இதிலுள்ள தொடர்பு வெளிப்படை. 2013 ஏப்ரல் 6 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி பிரித்தானிய நூலகமும் ஏனைய ஐந்து சட்டமுறை வைப்பு நூலகங்களும் அந்நாட்டு இணையத்தளங்களைத் திரட்டிச் சேமிக்கின்றன. அவற்றுட் பெரும்பகுதியை அந்நூலகங்களின் வாசிப்பறைகளில் மட்டுமே பார்க்கலாம். 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகத்தின் மீது நிகழ்ந்த இணையத் தாக்குதல் இச்சேமிப்பின் பயன்பாட்டையும் நிறுத்திவைத்தது. ஆகவே எழுதியவர் தாமே ஒரு படி வைத்துக்கொள்வது நன்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் இருப்பின் இரண்டையும் தனித்தனி ஆவணமாகக் கொள்ள வேண்டும். ஊர்ப்பெயர் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமற்போவது மொழிபெயர்ப்புக் குறையாகத் தோன்றினும், கேட்போரை நோக்கி எழுதியவர் செய்த தேர்வாகவும் அது இருக்கக்கூடும். எழுதிய நாளும் திருத்திய நாளும் பக்கத்தின் அடியில் குறிக்கப்பட்டிருப்பின், கூடத்துக்கு மாறியது எப்போது, பாட்டியின் பெயர் எப்போது நீங்கியது என்பவற்றைப் பின்வருவோர் படியெடுத்து ஒப்பிடலாம்.