ஊர் கூடி மூட்டிய தீ

தெலங்கானாவின் மானாவாரி நிலங்களில் ஜூன் மாதம் முதல் நல்ல மழை பெய்ததும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கிக் கிடந்த அந்துப்பூச்சிகள் மொத்தமாக வெளியே கிளம்பும். ஒவ்வொரு பெண் பூச்சியும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அதிலிருந்து வருவதுதான் சிவப்புக் கம்பளிப்புழு. ஆமணக்கு, நிலக்கடலை என்று முளைத்த பச்சை எதையும் அது விட்டுவைக்காது. ஒரு வயலை மொட்டையடித்துவிட்டுக் கூட்டமாக அடுத்த வயலுக்கு நடக்கும். வளர்ந்து உடம்பெல்லாம் மயிர் மூடிய புழுவுக்கு மருந்து அடித்தாலும் பெரிய பலன் இருக்காது.

1980களின் இறுதியிலிருந்து அங்கே சில தொண்டு நிறுவனங்களும் பூச்சியியலாளர்களும் சொல்லிவந்த வழி எளிமையானது. புழுவாகும்வரை காத்திருக்காமல், மழை பெய்த அந்த இரவுகளிலேயே வயலோரம் தீ மூட்டுங்கள். வெளிச்சத்தைத் தேடி வரும் அந்துப்பூச்சி அதிலேயே விழுந்து சாகும். ஆனால் ஒரு சிக்கல். ஒருவர் மட்டும் தீ மூட்டினால் அக்கம்பக்கத்துப் பூச்சியெல்லாம் அவர் வயலுக்கு வந்து சேரும். எல்லாம் அவர் தலையில் விடியும். மூட்டினால் ஊரே ஒரே இரவில் மூட்ட வேண்டும்.

மருந்தைத் தனியாளாக அடித்துவிடலாம். கடைக்காரர் கடனுக்குத் தருவார், முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டால் ஆயிற்று. மருந்துக்கு மாற்று என்றால் நாலு பேரைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர்கள் யார் என்ற கேள்விக்கு முக்கியத்துவம் வருகிறது.

அவர்களில் ஒருவர், 2004இல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட நீடித்த வேளாண்மை மையத்தின் செயல் இயக்குநர் ஜி.வி. ராமாஞ்சநேயுலு. மத்திய அரசின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். அவர் முனைவர் பட்டம் பெற்றது பூச்சியியலில் அல்ல, வேளாண் விரிவாக்கத்தில். அதாவது, ஆய்வில் கண்டதை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் துறையில். அரசு வேலையை விட்டுவிட்டு வந்தவர். 2012இல் ஆமிர்கானின் 'சத்யமேவ ஜயதே' நிகழ்ச்சி உணவில் கலக்கும் நஞ்சைப் பற்றிப் பேசியபோது நாடு அவரைப் பார்த்தது.

பூச்சி அறிவு வேறொருவரிடமிருந்து வந்தது. எம்.எஸ். சாரி, ராஜமுந்திரியிலுள்ள மத்திய புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். புகையிலை நாற்றங்காலைச் சுற்றி ஆமணக்கை நட்டால் புரோடீனியா அந்துப்பூச்சி ஆமணக்கு இலையில் போய் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி எறிந்தால் வேலை முடிந்தது. இப்படிப்பட்ட முறைகளை ஆய்ந்தவர் அவர். 1997-98இல் வாரங்கல் பருத்தியை அழித்து, நூற்றுக்கணக்கான விவசாயிகளின் தற்கொலைக்குக் காரணமான பூச்சிகளில் முதன்மையானது இதே புரோடீனியாதான். அந்தப் பருத்திக்கு மேலும் மேலும் மருந்துதான் அடித்தார்கள். புழு சாகவில்லை, கடன் ஏறியது. மருந்துக்குப் பழகிப்போன புழு அது. புகையிலைக்காரர்கள் அறிந்த வழி பருத்திக்காரர்களை எட்டாமலே போனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மூன்றாமவர் கவிதா குருகண்டி. மையத்தின் தொடக்க ஆண்டுகளில் அங்கே பணியாற்றியவர். பிறகு ஆஷா என்ற நாடு தழுவிய விவசாயக் கூட்டமைப்பை ஒருங்கிணைத்தார். 2020-21இல் வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மத்திய அமைச்சர்களோடு பேசிய மேசையில் அவரும் இருந்தார்.

இவர்கள் பரப்பிய முறைக்குப் பெயர் மருந்தில்லாப் பூச்சி மேலாண்மை. அரசுத் துறை சொல்லும் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையில் மருந்து கடைசி ஆயுதமாக இருக்கும். இதில் அந்தக் கடைசி ஆயுதமும் கிடையாது. கோடை உழவில் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவது, வயலில் பறவை உட்காரக் குச்சி நடுவது, இனக்கவர்ச்சிப் பொறி, வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. நம் பாட்டிமார்களுக்கும் வேளாண் கல்லூரி மாணவர்களுக்கும் பாதி தெரிந்த சங்கதிகள். உரத்தை இவர்கள் உடனே கைவிடச் சொல்லவில்லை. இயற்கை வேளாண் சுத்தக்காரர்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் விவசாயியின் செலவு முதல் பருவத்திலேயே குறைய வேண்டும் என்றால் தொடங்க வேண்டிய இடம் மருந்துக் கடைதான். அந்தக் கணக்கு சரியாகவே வந்தது.

அன்றைய கம்மம் மாவட்டத்தில் பால்வஞ்சாவுக்கு அருகே புனுகுலா என்ற ஊர். பருத்தியும் மிளகாயும் போட்டு, மருந்துக் கடைக்காரரிடம் கடன்பட்டு, விளைந்ததை அவரிடமே கொடுத்துக்கொண்டிருந்த ஊர். உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்று 1999 வாக்கில் வேலையைத் தொடங்கியது. ஆண்கள் தயங்கினார்கள். கடைக்காரரை விரோதித்துக்கொண்டால் அடுத்த பருவத்துக்குக் கடன் யார் தருவார்? ஊரை மாற்றியது மகளிர் சுயஉதவிக் குழுக்கள்தான். குழுவில் சேமிப்பும் கடனும் இருந்தன. வேப்பங்கொட்டை அரைக்கும் இயந்திரத்தையும் அவர்களே வாங்கி ஓட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே புனுகுலா மருந்தில்லா ஊர் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. 2006இல் ஜனகாமாவுக்கு அருகே எனபாவி இன்னும் ஒரு படி மேலே போய் முழு இயற்கை வேளாண்மைக்கு மாறியதாக அறிவித்தது. (பெயரைக் கேட்டுத் தமிழர்கள் திடுக்கிட வேண்டாம். தெலுங்கில் 'பாவி' என்றால் கிணறு. நம் வாவிக்கு உறவு.)

புனுகுலாவைப் பார்த்துவிட்டு அதை அரசுத் திட்டமாக்கியவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி டி. விஜயகுமார். ஆந்திர அரசின் கிராமப்புற வறுமை ஒழிப்புச் சங்கம் அப்போது அவர் பொறுப்பில் இருந்தது. மாநிலம் முழுக்க மகளிர் குழுக்கள் ஏற்கெனவே கைவசம். வேளாண்துறை அதிகாரிகளுக்குப் பதிலாக, நன்றாக விளைவித்த விவசாயியே அடுத்த ஊருக்குப் பயிற்சி தந்தார். நாலே ஆண்டுகளில் 3 லட்சம் விவசாயிகள், 13.6 லட்சம் ஏக்கர் என்று 2009இல் வெளியான உலக வங்கி அறிக்கை கணக்குச் சொன்னது. அதை எழுதியவர்களில் விஜயகுமாரும் ஒருவர். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதையும் நினைவில் வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

தெலங்கானா தனி மாநிலமாகப் பிரிந்த பிறகு ஆந்திரப் பக்கம் இந்தத் திட்டம் அரசின் லாப நோக்கற்ற நிறுவனமான ரைத்து சாதிகார சம்ஸ்தாவின் கைக்கு வந்தது. பணி ஓய்வு பெற்ற விஜயகுமாரே அதை நடத்தினார். உரத்தையும் விட்டு இயற்கை வேளாண்மை என்று திட்டம் விரிந்தது. 2018இல் முதல்வர் சந்திரபாபு நாயுடு ஓர் இலக்கு வைத்தார்: 2024க்குள் மாநிலத்தின் 60 லட்சம் விவசாயிகளும் மாறிவிட வேண்டும். 2024 வந்தபோது போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசு வந்தது. 10 லட்சம் யூரோவை மூவருக்குப் பகிர்ந்ததில் ஆந்திரத் திட்டத்துக்கும் ஒரு பங்கு. மாறிய விவசாயிகள் சுமார் 10 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். மற்ற ஊர்களில் பருவத்துக்கு முன்பணம் தருவது இன்னும் மருந்துக் கடைதான்.