வீட்டை விற்றாலும் விடாத கட்டணம்

புதுடெல்லி: அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டை விற்க முனைவோர், குடியிருப்புச் சங்கத்திடமோ கட்டுமான நிறுவனத்திடமோ தடையில்லாச் சான்று கேட்டு நிற்க நேர்கிறது. பராமரிப்பு பாக்கியைக் கேட்பது நியாயமே. ஆனால், ‘பெயர் மாற்றக் கட்டணம்’, ‘நன்கொடை’ எனக் கேட்கப்படும் தொகைக்கு நாடு முழுமைக்குமான வரம்பு ஏதுமில்லை. முன்பணம் பெற்றுவிட்ட நிலையில், பலர் கேட்டதைக் கொடுத்துவிடுகின்றனர்.

வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கங்கள் மிகுந்த மகாராஷ்டிரம், 2001 ஆகஸ்ட் 9-ல் இதற்குக் கடிவாளம் போட்டது. மாநகராட்சிப் பகுதிகளில் சங்கங்கள் பெறும் பிரிமியம் 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது என அரசு உத்தரவிட்டது. நன்கொடை என்ற பெயரில் கூடுதலாக வசூலிப்பதை மாதிரித் துணைவிதிகளும் தடுக்கின்றன.

நாடாளுமன்றம் 2016-ல் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் சட்டம், வீடு வாங்குவோரைக் கட்டுமான நிறுவனங்களிடமிருந்து காக்க முனைந்தது. அவரே பின்னாளில் விற்பவராகும்போது கட்டும் தொகைக்கு அதில் உச்சவரம்பு இல்லை. மகாராஷ்டிரம் போட்ட கடிவாளம், மத்தியச் சட்டத்தில் விடுபட்டே நிற்கிறது.